முதல் ஸ்லாட்டில் மாமனார்

"ஜன்னலைத் தொட்டியா?"

கணினியின் பக்க மூடியைக் கழற்றுவதற்கு முன் தனசிங் தவறாமல் கேட்கும் கேள்வி. கேட்டுவிட்டுத் தானும் புறங்கையால் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொடுவார். உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் அதில் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

"சிட்லபாக்கத்துக் காத்தைப் பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும். இங்க ஸ்டேட்டிக் எங்கப்பா வரப்போவுது?" என்றாள் ஜோசலின், மேசைக்கு அடியிலிருந்து. அவருடைய மகள். சிப்புகளைச் சோதிக்கும் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள்.

"வராது. வந்துடுச்சுன்னா உங்க கம்பெனில புது கார்டு வாங்கித் தருவாங்களா? தொடும்மா."

தொட்டாள். அது சனிக்கிழமை பிற்பகல். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை, எரிந்துபோன ஒரு சின்ன மானிட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தது.

பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் உதவியாளராக இருந்தவர் தனசிங். ஓய்வுக்குப் பிறகு சேலையூரிலிருந்து பீர்க்கன்கரணை வரை சர்ச் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். படமெடுக்கப் போனால் பந்தியில் உட்காரமாட்டார். பிரியாணியைப் பொட்டலமாக வாங்கிவந்து, வீட்டில் அதே படத்தை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிடுவார். "மாப்ள முழிக்கிற முழியைப் பாரு" என்று வாயில் சோற்றோடு சிரிப்பார்.

சாக்பீஸ் பழக்கம் மட்டும் பள்ளியிலிருந்து கூடவே வந்துவிட்டது. கணினிப் பெட்டியின் கறுப்புப் பக்கம்தான் அவருக்குக் கரும்பலகை. செய்ய வேண்டியதை அதில் எழுதுவார். செய்து முடித்ததும் குறுக்கே ஒரு கோடு. அழிக்க மாட்டார். 'விசிறிக்கு எண்ணெய்', 'ஜென்சி ஆல்பம் 40 பக்கம்', 'தூசி'. எல்லாவற்றின் மேலும் கோடு.

பெட்டிக்குள், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு. பழையது மெலிந்தது, அதற்குப் பெயர் மாமனார். புதியது செங்கல் கனம், அது மாப்பிள்ளை. ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்த ஒரு டிசம்பரில், பெட்டியை அவசரமாகப் பரணில் ஏற்றும்போது முதல் ஸ்லாட்டின் கொக்கி உடைந்துபோனது. கனமான கார்டை அது தாங்காது. ஆகவே மாமனார் முதல் ஸ்லாட்டில், மாப்பிள்ளை கீழே.

"மாப்ளைக்கு சாப்பாடு ஜாஸ்தி, கரண்டு ஜாஸ்தி. வேலையும் செய்வான்" என்பார். "ஆனா வூட்ல ஒரு கேள்வின்னா மொதல்ல மாமனாரைத்தான் கேக்கும்."

கணினி கண் விழிக்கும்போது சொல்வதையெல்லாம் முதல் ஸ்லாட்டிலிருக்கும் கார்டின் வழியாகத்தான் சொல்லும். அதைப் பார்ப்பதற்கென்றே பழைய கார்டில் அந்தச் சின்ன மானிட்டரை மாட்டியிருந்தார். விண்டோஸ் வந்தபிறகுதான் பெரிய மானிட்டரில் மாப்பிள்ளை பேசுவான்.

"சின்னது இல்லாம ஓடுமாப்பா?"

"கேள்வி கேக்காதவரைக்கும் ஓடும். போர்டுல இருக்கிற செல் வீக் ஆயிடுச்சு, அதான் ஒரே பேஜாரு. பிளக்கை மட்டும் புடுங்கிடாத. புடுங்கினா எல்லாத்தையும் மறந்துட்டு 'நான் யாரு'ன்னு கேட்டுகினு நிக்கும். வாட்ச் கடை நாளைக்கு லீவு. திங்கக்கிழமை வாங்கிட்டு வந்துடறேன்."

எழுந்து சாக்பீஸை எடுத்து ஏதோ எழுதினார். அவள் கை கழுவப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

ஜோசலினின் தம்பி டெனிஸ் தோஹாவிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றான். ஐஸ் பெட்டி வந்தது. முன்னறையில் அது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் பிளக் ஒன்றே ஒன்றுதான்; அதில் கணினி செருகியிருந்தது. "யாராச்சும் அதைப் புடுங்குங்கம்மா, பெட்டி சூடாவுது" என்றான் கொண்டுவந்தவன். ஜோசலின்தான் குனிந்து பிடுங்கினாள். ஐஸ் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று யாரோ கணினி மேசையைச் சுவரோடு தள்ளிப் போர்வையால் மூடினார்கள். புதன்கிழமை மாலை அடக்கம்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஜென்சி வந்தாள். வாசலிலேயே நின்றாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் தனசிங் அவள் கல்யாணத்தைப் படமெடுத்திருந்தார். கணவன் ஜாய்சன் கனடா திரும்பிவிட்டான்.

"அக்கா, இன்னிக்குப் போயி இதைக் கேக்கறது தப்புதான். எனக்கே அசிங்கமா இருக்கு."

"சொல்லு."

"நாளைக்குக் காலைல விசா இன்டர்வியூ. சர்ச் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடற போட்டோ, ரெண்டு வீட்டுக்காரங்களும் நிக்கற போட்டோ, ரெண்டும் பிரின்ட் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு ஏஜென்ட். போன்ல இருக்கறது எல்லாம் சாப்பாடும் டான்ஸும்தான். திங்கக்கிழமை தரேன்னு அங்கிள் சொல்லியிருந்தாரு." குரல் உடைந்தது. "இதை விட்டா அடுத்த தேதி எட்டு மாசம் கழிச்சுதான்கா."

கேமராவின் மெமரி கார்டு? அடுத்த கல்யாணத்துக்காக அவர் அதை அழித்துவிட்டிருந்தார். படங்கள் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். பிரின்ட் கடை ஏழு மணிக்கு மூடும்.

ஜோசலின் போர்வையை எடுத்தாள். பிளக்கைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள்.

விசிறிகள் சுற்றின. விளக்கு எரிந்தது. திரை கறுப்பு.

ஒரு நிமிடம். இரண்டு. கறுப்பு.

மானிட்டரைத் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள்; படம் வந்தது. மானிட்டர் நல்லது. கேபிளை மாற்றினாள், கறுப்பு. பக்க மூடியைக் கழற்றி, கணினியின் ரேம் மெமரியை எடுத்து ரப்பரால் தேய்த்து மாட்டினாள், கறுப்பு. மாப்பிள்ளையைக் கழற்றி ஊதித் திரும்பப் பொருத்தினாள். உட்கார்ந்த சத்தம் கேட்டது. கறுப்பு.

"வருமாக்கா?"

ஜோசலின் மணியைப் பார்த்தாள். நான்கு மணி ஐம்பது. ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி விழுந்தால் இந்தத் தெருவில் மின்சாரம் போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாமா என்று யோசித்தாள். இரண்டு டிஸ்க்கை ஒன்றாகப் பிணைத்து வைத்திருந்தார் தனசிங். எப்படிப் பிணைத்தார் என்று அவளுக்குத் தெரியாது. கை தவறினால் ஜென்சியின் கல்யாணம் மட்டுமல்ல, அவர் எடுத்த எல்லாக் கல்யாணமும் போய்விடும்.

"அங்கிள் இருந்தா இந்நேரம் மாப்ள கீப்ளன்னு எதாச்சும் சொல்லிட்டு ரெண்டு தட்டு தட்டியிருப்பாரு" என்றாள் ஜென்சி, அழுகையோடு சிரித்து. "கல்யாணத்தன்னிக்கு எங்க மாமனாரைப் பாத்து, 'சார் நீங்க மொதல்ல நில்லுங்க, உங்களைக் கேக்காம இந்த வீட்ல எதுவும் நடக்காது'ன்னாரு. அவரு அப்படியே குளிர்ந்து போயிட்டாரு."

ஜோசலினின் கை நின்றது.

மாமனார். மொதல்ல. பிளக்கை மட்டும் புடுங்கிடாத.

புடுங்கியது அவள்தான். இந்தக் கையால்தான். கணினி சாகவில்லை. செல் தீர்ந்து, எல்லாம் மறந்து, மாமனார் வழியாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது. கேள்வி போகிற இடத்தில் மானிட்டர் இல்லை.

பெரிய மானிட்டரின் கேபிளை மாப்பிள்ளையிடமிருந்து உருவினாள். பழைய கார்டின் துளை வேறு வகை. எரிந்துபோன சின்ன மானிட்டரின் நீலத் தலைக் கேபிள் மேசைக்கடியில் சுருண்டு கிடந்தது. குனிந்தவள், பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினாள். புறங்கையை ஜன்னல் கம்பியில் வைத்து எடுத்தாள். பிறகு அந்தக் கேபிளால் பெரிய மானிட்டரை மாமனாரோடு இணைத்தாள்.

கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும். ஓரத்தில் தேதி: எந்தக் காலத்திலோ ஒரு ஜனவரி ஒன்று. கீழே ஒரு கோடு விட்டுவிட்டுத் துடித்தது.

அழுத்தினாள். திரையில் வட்டம் சுழன்றது. விண்டோஸ் வந்தது. முகப்பில் 'ஜென்சி–ஜாய்சன் ஃபைனல்' என்று ஒரு கோப்புறை. திறந்தாள். ரிஜிஸ்டரின் மேல் ஜென்சி குனிந்திருந்தாள். அடுத்த படத்தில் இரண்டு குடும்பமும். நடுவில் ஜென்சியின் மாமனார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவில், கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஒரு சின்ன உருவம், ஒரு கையை உயர்த்தி எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜோசலின் அந்த இடத்தைப் பெரிதாக்கவில்லை. பென் டிரைவில் ஏற்றினாள். உருவிக் கொடுத்தாள்.

"ஓடு. மழை வருது."

ஜென்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், உதவியாக எதையாவது செய்ய நினைத்து, சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஆஃப் பண்ணிடட்டுமாக்கா? இடி இடிக்குது."

"வேணாம்!"

குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. ஜென்சி பயந்து கையை இழுத்துக்கொண்டாள். ஜோசலின் போய், சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றாள். கழற்றி வைத்த மூடி எதிரே சுவரில் சாய்ந்திருந்தது. கோடு போட்ட வரிகளுக்கெல்லாம் கீழே, கோடு போடாத ஒரே வரி:

'செல் – 1. திங்கள்.'