உடையாத தேங்காய்

பிளாஸ்டிக் குடத்தை ஒட்டுவதற்கு முன்னால் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டுவது கால்மணி வேலை என்றால் கழுவுவது அரைமணி வேலை. விரிசலுக்குள் துளி பாசி இருந்தாலும் பிடிக்காது. இது தெரிந்தும் வெள்ளியம்பாக்கத்துப் பெண்கள் ஒருத்திகூடக் குடத்தைக் கழுவிக் கொண்டுவந்ததில்லை. "ஒரு சூடு வச்சிக் குடு மேரி" என்று சேறும் பாசியுமாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கும் பாக்கியமேரி பஞ்சாயத்துத் தலைவர் சடையப்பன் வீட்டுக் கொல்லையில் குந்திக்கொண்டு, தலைவர் வீட்டு நீலக் குடத்தை நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். வீடு காலனியில். புருஷன் ஏசுதாஸ் தலைவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவன். அவளும் அதே நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுத்துக் கைகால் காய்த்தவள்தான். பிளாஸ்டிக் வேலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் உத்திரமேரூரில் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புக் குடம் பதினோராம் நாளே கைதவறி விழுந்தது. ஏசுதாஸ் ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டினான். அவன் வாயை மூட வேண்டும் என்கிற ஒரே வைராக்கியத்தில் முறிந்த அரிவாளை அடுப்பில் காய்ச்சி விரிசல் மேல் இழுத்தாள். விரிசல் ஓட்டையாயிற்று. ஓட்டையை அடைக்க ஒரு பழைய மக்கின் காதை அறுத்து உருக்கி ஊற்றினாள். மூன்று நாள் மல்லுக்கட்டியபிறகு குடத்தில் தண்ணீர் நின்றது. ஏசுதாஸின் வாய்தான் நிற்கவில்லை. அந்த யோசனையைத் தான்தான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது அவளிடம் இரண்டு அரிவாள் துண்டு, பெயின்ட் டப்பாவில் செய்த கரியடுப்பு, ஒரு கோணி நிறைய உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் இருந்தன. கோணியில் வாளிக் காது, சீப்பு, மக்கு, மூடி என்று நிறம்வாரியாகக் கட்டிவைத்திருந்தாள். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் ஓரத்தில் ஒரு சீவல் சீவிக் கொளுத்தி மூக்கருகில் பிடிப்பாள். மெழுகுவத்தி வாசனை வந்தால் குடத்து வகை. கண்ணைக் கரித்தால் பைப்பு வகை. குடத்துக்குக் குடத்து வகைதான் ஒட்டும். பைப்பை உருக்கி ஊற்றினால் ஆறியதும் பொருக்குப் போல் உரிந்து வந்துவிடும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடை போட்டு, அதில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டும். அடுத்தவர் கொல்லையில் குந்துவதும், நடவு நாளில் "அடுப்ப அணச்சிட்டு வயலுக்கு வா" என்று ஆள் வந்து நிற்பதும் ஓய வேண்டும். அதற்கு அரசாங்கத்தில் கடன் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் 'செய்யும் தொழில்' என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் தலைவர் தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூலி என்று எழுதினால் ஆடு கிடைக்கும். தொழில் என்று எழுதினால் கடை கிடைக்கும். காலனியில் ஏற்கெனவே ஆட்டுக்குப் பஞ்சமில்லை.

போன மாதம் அவள் அந்தக் காகிதத்தோடு வந்தபோது சடையப்பன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தச்சு, கொல்லு, தையல் எல்லாம் தொழில்தான், பிளாஸ்டிக்கை யார் தொழில் என்று சொன்னது என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "குடந்தான ஒட்றா, கொயவருன்னு எழுதிடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சொன்னால் சிரிப்பது அந்த ஊரில் தொழில் இல்லை. ஆனாலும் நாலைந்து பேர் அதை முழுநேரமும் செய்துகொண்டிருந்தார்கள். நடவு முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பின்னாலேயே இன்னும் நாலு பேர் வயலை விட்டுப் போவார்கள் என்பது அவர் கணக்கு. அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் எண்பத்தேழாம் வருஷத்து ஆயுத பூஜை வந்தது.

சடையப்பன் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் தரையில் தேங்காய் உடைப்பார்கள். இவர்கள் வண்டியின் மேலேயே உடைப்பார்கள். அவர் அப்பா கட்டைவண்டியின் இரும்புப் பட்டையில் உடைத்தார். சடையப்பன் டிராக்டர் வந்த நாளிலிருந்து அதன் முன்பக்க இரும்பில் உடைத்துவந்தார். அந்த வருஷம் புதிதாக ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். வாங்கி நாலு மாதம் ஆகியும் இருக்கையின் பாலிதீன் உறையை எடுக்கவில்லை. உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொண்டு சத்தம் போடும். அந்தக் காருக்குக் குங்குமம் சந்தனம் எல்லாம் இட்டபிறகு அவர் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு பம்பரை நோக்கிப் போனார்.

பூசை செய்த முனியன், அது கறுப்பாக இருக்கிறதே தவிர இரும்பு இல்லை, பிளாஸ்டிக் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். சடையப்பன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தலைமுறை பலத்தையும் தோளில் திரட்டி ஓங்கி அடித்தார்.

தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உருண்டு போய் மாட்டுத் தொட்டியருகில் நின்றது. பம்பர்தான் இடது மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்தது. அம்பாசடராக இருந்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது என்று முனியன் பிற்பாடு தன் வீட்டில் சொன்னானாம்.

விரிசலைவிடச் சகுனம் பெரிதாயிருந்தது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை சடையப்பன் மகள் அம்முலுவைப் பெண் பார்க்க வாலாஜாபாத் ரைஸ்மில் வேதாசலம் குடும்பத்தோடு வருவதாக இருந்தார். பூஜையன்று தேங்காய் உடையாமல் கார் உடைந்தது என்று அவர் காதில் விழுந்தால் ஏரிக்கரையோடு திரும்பிப் போய்விடுவார். ஊர்க்காரர்களின் வாயை அடைக்கத் தலைவருக்கு வழி தெரியும். பம்பரின் வாயை அடைக்கத் தெரியவில்லை.

உத்திரமேரூர் ஒர்க்ஷாப்பிலிருந்து வரதன் வந்தான். தகரம் நசுங்கினால் தட்டி நிமிர்த்துவதில் அவன் கெட்டிக்காரன். அதே கெட்டிக்காரத்தனத்தோடு கேஸ் நெருப்பை விரிசலில் காட்டினான். மூலை அப்பளம்போல் சுருண்டது. புது பம்பர் மெட்ராஸிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு, பம்பரைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

தலைவரின் மனைவி சுலோச்சனா நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சோறு போடும்போது சொன்னாள்: "அதுவும் பிளாஸ்டிக்கு, கொடமும் பிளாஸ்டிக்கு. மேரிய கூப்புட்டுக் காட்டுங்களேன்."

"காருக்குக் கொடம் ஒட்றவளா?" என்று சடையப்பன் பாதிச் சோற்றில் எழுந்துபோனார். மறுநாள் புதன்கிழமை. ஞாயிறுக்கு இன்னும் நாலே நாள். அன்றைக்குச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, சரி, வரச்சொல் என்றார்.

அதனால்தான் பாக்கியமேரி அந்தக் கொல்லையில் இருந்தாள். யாராவது பார்த்தால் குடத்துக்கு வந்திருக்கிறாள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நீலக் குடம். அதன் வேலை முடிந்ததும் அவளை மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். பம்பர் வைக்கோல் மேல் கிடந்தது. சடையப்பன் வாசற்படியில் நின்றுகொண்டு, இந்த விஷயம் கொட்டகையைத் தாண்டிப் போகக் கூடாது என்றார்.

"போவாதுங்க ஐயா. என் காயிதம்?" என்றாள் பாக்கியமேரி.

"ஞாயித்துக்கெழம வந்துபோவட்டும் அவங்க. அன்னிக்கே வா. போட்டுத் தர்றேன்."

"தொழிலுன்னு எழுதி?"

"தொழிலுன்னு எழுதித்தான். மொதல்ல வேலயப் பாரு."

அவள் ஒரு சீவல் சீவிக் கொளுத்தி மோந்து பார்த்தாள். மெழுகுவத்தி மாதிரி இருந்தது. ஆனால் அடியில் ஏதோ எண்ணெய்க் காரம் இருந்தது. கோணியிலிருந்து கறுப்பு வாளிக் காதை எடுத்து உருக்கி, பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். ஆறியதும் நகத்தால் நெம்பினாள். பெயர்ந்து வந்துவிட்டது. கோணியில் இருந்த எல்லா வகையையும் ஒவ்வொரு சொட்டாக வைத்தாள். எல்லாம் பெயர்ந்தன. கொட்டகையில் மாடுகள் தும்மின.

கடைசியில் அவள் பம்பரைக் கவிழ்த்து, உட்புறமாக மடிந்திருந்த விளிம்பிலிருந்து நாடா நாடாவாக அறுக்க ஆரம்பித்தாள். சடையப்பன் அலறாத குறையாக உள்ளே வந்தார்.

"ஏம்மே, வண்டிய அறுக்கிறியா?"

"ரவிக்க கிழிஞ்சா உள்மடிப்புலேர்ந்துதான துணி எடுத்துத் தெக்கறோம் ஐயா. இதோட ஜாதி இதுகிட்டதான் கீது. வேற எதுவும் ஒட்டல."

அந்தப் பேச்சில் ஜாதி என்ற வார்த்தை மட்டும் சடையப்பனுக்குப் பிடித்திருந்தது. தலையாட்டிக்கொண்டு வெளியே போனார்.

முதலில் சுருண்ட மூலையைச் சுடுதண்ணீர் ஊற்றி, பலகைக்கு நடுவில் வைத்து மெல்ல நிமிர்த்தினாள். விரிசல் இன்னும் ஓடாமலிருக்க அதன் முனையில் காய்ச்சிய கம்பியால் சின்ன ஓட்டை போட்டாள். டீ வடிகட்டியின் கம்பிவலையைக் கத்தரித்துப் பின்பக்கம் வைத்து, அரிவாளின் சூட்டால் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் புதைத்தாள். அதன்மேல் அறுத்த நாடாக்களை வரிசையாக உருக்கி இழுத்தாள். பிறகு முன்பக்கம். சூடு அதிகமானால் குமிழி வரும், குறைந்தால் ஒட்டாது. நாக்கைக் கடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை இழுத்தாள். உப்புக் காகிதம் தேய்த்து, கடைசியில் துணியில் விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது விரிசல் எந்தப் பக்கம் இருந்தது என்று சடையப்பன் தம் மனைவியைக் கேட்க வேண்டியிருந்தது.

அவள் போனபிறகு, பம்பரைக் காரில் மாட்டுவதற்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் சடையப்பன். சுலோச்சனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அவ ஒட்டுன குடத்துல நாலு வருஷமா தண்ணி குடிக்கறீங்க, அதுக்கு எப்போ தெளிச்சீங்க என்று கேட்டாள். அவரே சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேதாசலம் வந்தார். அவரும் அதே மாதிரிக் காரில்தான் வந்திறங்கினார். அவருடைய பம்பர் பாதி உடைந்து கயிற்றுப் பிரியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மில்லில் லாரி பின்பக்கமாக வந்து இடித்துவிட்டதாம். மனுஷர் அதைப்பற்றி வெட்கமே படவில்லை. வந்தவுடன் தாமாகவே காட்டிச் சிரித்தார். பெண் பார்த்தாயிற்று. பெண்ணைப் பிடித்திருந்தது. கேசரியும் காபியும் ஆயிற்று. இனித் தட்டு மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான்.

பாக்கியமேரி சொன்ன நாளில் சொன்னபடி வந்து, கூடத்தின் பின்வாசல் நிலைக்கு வெளியே காகிதத்தோடு நின்றாள். சடையப்பன் அவளைப் பார்த்தார். பார்க்காததுபோல் வேதாசலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேதாசலம் மறுபடி பம்பர் பேச்சுக்கே வந்தார். "காஞ்சிபுரம், செங்கல்பட்டு ரெண்டுலயும் கேட்டாச்சி. இந்த பிளாஸ்டிக்க ஒட்ற ஆளு ஒருத்தரும் இல்ல. ஒரே பேஜாரா கீது. உங்க பக்கம் யாராச்சும் கீறாங்களா தலைவரே?"

"நம்ம பக்கம் ஏது?" என்றார் சடையப்பன். "அதெல்லாம் மெட்ராஸ்ல பெரிய கம்பெனிக்காரன் செய்யற வேல."

"உங்க வண்டியிது மட்டும் அப்பிடியே புதுசா கீதே."

"ஓட்றவங்க கையில கீது சம்பந்தி."

பாக்கியமேரி நிலைக்கு வெளியே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாசலில் நிற்கும் கார் சாட்சி சொல்லும். ஆனால் கொட்டகையைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்திருந்தாள். உள்ளறைக் கதவிடுக்கில் அம்முலுவின் பட்டுப்புடவை ஓரம் தெரிந்தது. அந்தப் பெண் யார் தலையிலும் தேங்காய் உடைக்கவில்லை. பாக்கியமேரி கனைத்துக்கூடக் காட்டாமல், காகிதத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த அசைவில்தான் வேதாசலம் அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, அப்போலேர்ந்து காயிதத்த வச்சிக்கினு நிக்கிற?"

"தலைவர் ஐயா கையெழுத்துங்க."

"இப்பிடிக் குடு, நானே குடுத்துடறேன்" என்று கையை நீட்டினார். வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாது. பாக்கியமேரி ஒரு கணம் தயங்கி, நிலையைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்து, காகிதத்தைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மில் கணக்குப் பார்க்கிற பழக்கத்தில் வரி வரியாக உரக்கப் படித்தார். பெயர் இருந்தது. புருஷன் பெயர் இருந்தது. ஊர் இருந்தது.

"செய்யும் தொழில்னு போட்டு காலியா கீதே. இன்னாம்மா தொழில் பண்ற?"

பாக்கியமேரி சடையப்பனைப் பார்த்தாள். "அத தலைவர் ஐயாதாங்க எழுதணும். நான் சொன்னா செல்லாதாம்."

வேதாசலம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். காகிதத்தை முழங்காலில் விரித்து அந்தக் கோட்டின்மேல் முனையை வைத்தார்.

"சொல்லுங்க தலைவரே, நானே எழுதிடறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. இந்தம்மாவுக்கு இன்னா தொழிலு?"

சடையப்பன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "சுலோச்சனா, காபி இன்னும் ஆவலியா?" என்றார்.

குடித்துவைத்த காபி டம்ளர்கள் எல்லோர் முன்னாலும் இருந்தன. சமையலறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தமும் நின்றுபோயிற்று.

"சுலோச்சனா."

வேதாசலம் கோட்டின்மேல் வைத்த பேனாவை எடுக்கவில்லை. பாக்கியமேரி வைத்த காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. சடையப்பன் எழுந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், இன்னொரு தரம் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கூடத்தைவிட்டு உள்ளே போனார்.