ஆறு வாளி நாஸ்டர்ஷியம்

ஷார்ஜா முவைலாவில் ஒரு லேபர் கேம்ப்பின் பின்சுவரை ஒட்டி ஆறு பெயிண்ட் வாளிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் சொந்தக்காரர் சேதுராமன். கோத்தகிரிப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்திரண்டு, தோட்ட வேலைக் கம்பெனியில் ஆறு வருஷ டூட்டி. பகலெல்லாம் ஊரார் வில்லாக்களில் செடி வளர்த்துவிட்டு, சாயங்காலம் கேம்ப்புக்கு வந்து மறுபடியும் செடி வளர்க்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? ரூம்காரர்கள் கூச்சமே படாமல் பைத்தியம் என்றார்கள்.

வாளியில் இருந்தது நாஸ்டர்ஷியம். சின்னத் தாமரை இலை போல வட்ட இலை, பூவுக்குப் பின்னால் ஒரு வால். குளிர்ந்த ஊர்ச் செடி. கோத்தகிரியில் சாக்கடை ஓரத்தில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கும். ஷார்ஜாவிலோ நவம்பரில் விதைத்தால் ஏப்ரல் வரைதான் அதற்கு ஆயுசு. மே வெயில் ஒரே வாரத்தில் சுருட்டிப் போட்டுவிடும்.

எல்லாம் ஒரு வாய்ச்சண்டையில் ஆரம்பித்தது. சேதுராமனுக்கும் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை போனில் பேச வேறென்ன இருக்கிறது, எதற்காவது சண்டை போடுவார்கள். வேலை பார்க்கிற வில்லா ஒன்றில் கறுப்புக்குப் பக்கத்தில் போகிற அரக்குச் சிவப்பில் நாஸ்டர்ஷியம் பூத்திருப்பதாக அவர் ஒருநாள் சொன்னார்.

"பொய். அது மஞ்சளும் ஆரஞ்சும்தானுங்க பூக்கும். நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன்."

"பொய்யா சொல்றேன்? விதை கொண்டாந்து காட்றேன் பாரு."

"கொண்டாங்க. பூக்கட்டும், அப்பறம் பேசலாம்."

ஒரு வருஷம் இதே பேச்சு. 2005 நவம்பரில் வில்லாவில் உதிர்ந்த விதைகளைக் கேட்டு வாங்கிவந்து, ராத்திரி ஊறவைத்து, வாளிக்கு இரண்டாக ஊன்றினார். கேம்ப் தண்ணீர் உப்பு என்பதால் தினமும் ஒரு கேனில் வில்லாத் தண்ணீர் சுமந்து வந்தார். மண் வெறும் மணல் கலந்த மண். ஏப்ரலில் அவருக்கு லீவு. அதற்குள் விதை முற்றித் தானாக உதிர வேண்டும். அதை ஊரில் ஊன்றிப் பூக்கவைத்துப் பஞ்சவர்ணத்தை ஜெயிக்க வேண்டும். அந்த மனுஷனின் ஆசை மொத்தமும் அந்த ஆறு வாளிக்குள் இருந்தது.

"அண்ணே, ஆட்டுக்குத் தழை வளக்குறீகளா?" என்று தினமும் சீண்டுவான் அடுத்த கட்டில்காரன் பாண்டித்துரை. முதுகுளத்தூர்க்காரன். அதே கம்பெனியில் புல்வெளிக்கு உரம் போடுகிற வேலை.

"உரம் போடாத செடிடா இது. சோறு அதிகமாப் போனா பூக்க மறந்துரும். இலையா விட்டுத் தள்ளும்" என்பார் இவர்.

பிப்ரவரியில், பூ நன்றாக வந்த நேரத்தில், பஞ்சவர்ணம் மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனாள்.

வளைகுடாவில் ஒரு வழக்கம் உண்டு. சாவுச் செய்தி சம்பந்தப்பட்டவன் போனுக்கு வராது. பக்கத்துக் கட்டில்காரனுக்குத்தான் வரும். பஞ்சவர்ணத்தின் தம்பி போன் போட்டுப் பாண்டித்துரையிடம் சொன்னான். சேதுராமனின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது, வர ஒன்பது நாள் ஆகும் என்றது ஆபீஸ். ரூம்காரர்கள் கூடிப் பேசினார்கள். முகம் பார்க்கவும் போக முடியாது, கொள்ளி வைக்கவும் போக முடியாது. டிக்கெட் கைக்கு வந்ததும் 'சீரியஸ்' என்று சொல்லி ஏற்றிவிடலாம், அதுவரை மூச்சு விடக் கூடாது என்று முடிவானது. நல்லெண்ணம்தான். நல்லெண்ணம் செய்கிற அநியாயத்துக்குப் பஞ்சாயத்து கிடையாது.

"மதினி போனு தண்ணில விழுந்துருச்சாம்ணே. தம்பிதான் சொன்னாரு" என்றான் பாண்டித்துரை.

"விழும் விழும். குடத்தையே கிணத்துல விட்டவ அவ" என்று சிரித்தார் சேதுராமன்.

அன்றிலிருந்து அவர் சமையல் முறையை வேறொருவன் செய்தான். டூட்டிச் சட்டை துவைத்து மடித்துக் கட்டிலில் இருந்தது. யாரும் அவரைச் சீண்டவில்லை. அவருக்கு உறைக்கவில்லை, பூவைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார். ஆறாம் நாள் சாயங்காலம் கேனோடு பின்பக்கம் போனவர், வாளி மண்ணில் வெள்ளை மணிகள் கிடப்பதைப் பார்த்தார். யூரியா. ஆறு வாளியிலும் கைப்பிடி கைப்பிடியாக.

"எவன்டா போட்டது?"

பாண்டித்துரை வந்து நின்றான். "நான்தாண்ணே. நேத்து ராத்திரியே போட்டேன். நல்லா வரட்டுமேன்னு..."

திட்ட வாயெடுத்த சேதுராமன் அவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தஞ்சாவூர்க்காரனின் அப்பா இறந்தபோது, விஷயத்தை மறைத்து, ஒரு வாரம் அவன் சட்டையைத் துவைத்துப் போட்டது இவர்தான். அப்போது இவர் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். கேனைக் கீழே வைத்தார்.

"யாரு?" என்று கேட்டார்.

பாண்டித்துரை குனிந்து யூரியா மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"பஞ்சவர்ணமா? என்னைக்கு?"

"ஆறு நாளாச்சுண்ணே."

சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். "ஆறு நாளா நான் சிரிச்சுட்டு இருந்திருக்கேன்டா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பாஸ்போர்ட் சொன்ன நாளில் வரவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது வாளிகளில் காய்ந்த தண்டு மட்டும் இருந்தது. பாண்டித்துரை ஒரு பழைய பவுடர் டப்பாவை நீட்டினான். யூரியாவுக்குத் தப்பிய பூக்களில் விழுந்த விதை, பதினொன்று. சேதுராமன் வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டார். அதை விதைக்கவில்லை. ஜெயித்து யாரிடம் சொல்வது?

2008 நவம்பரில் அவர் போன் அடித்தது. முதுகுளத்தூர் நம்பர். பாண்டித்துரையின் அம்மா போய்விட்டாள். அவன் பாஸ்போர்ட்டும் விசாவுக்குப் போயிருந்தது. பத்து நாள் ஆகும். ரூம்காரர்கள் வழக்கப்படி கூடிப் பேசப் பார்த்தார்கள். சேதுராமன் யாரையும் கேட்கவில்லை. நேரே போய் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்.

அவன் அலறி ஓய்ந்த பிறகு, "ஏண்ணே இப்பவே சொன்னீக? இந்தப் பத்து நாள நான் எப்புடிண்ணே தள்ளுவேன்?" என்றான்.

அவன் கேட்டதும் நியாயம்தான். "அழு" என்றார். "அழுகறதுக்காவது உனக்கு நாள் கெடைச்சிருக்கு."

மறுநாள் அவர் பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். இருவரும் விதையை ஊறவைத்து, வாளியில் மண் மாற்றி ஊன்றினார்கள். முளைக்கப் பத்து நாள் ஆகும். தினமும் டூட்டி முடிந்து வந்து பாண்டித்துரை வாளி பக்கத்தில் உட்கார்ந்து அழுதான், சேதுராமன் கூடவே இருந்தார். கேம்ப் சூட்டில் கிடந்த விதை, பதினொன்றில் பத்து பொய்த்துப்போனது. அவன் பையோடு கிளம்பிய அன்று ஒன்று மட்டும் தலை தூக்கியிருந்தது.

ஜனவரியில் பாண்டித்துரை ஊரிலிருந்து கூப்பிட்டான். காரியம் முடிந்ததைச் சொன்னான், லீவு நீட்டிக் கேட்டிருப்பதைச் சொன்னான், பிறகு, "அண்ணே, அது பூத்துருச்சா?" என்று கேட்டான்.

"இன்னைக்குக் காலையிலதான்டா."

"என்ன கலரு?"

"அரக்குச் சிவப்பு. கிட்டத்தட்டக் கறுப்பு."

"நெசமாவா?"

"பொய்யா சொல்றேன்?" என்றார் சேதுராமன். வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் பாண்டித்துரை அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.