பெரியம்மா மறித்த வாசல்

புளித்த கேழ்வரகுக் கூழின் வாசனையும் கருவாட்டுக் குழம்பின் காரமும் ஆடி மாதத்து ஞாயிறுகளில் சேக்காட்டில் எங்கள் தெரு முழுவதும் நிறைந்திருக்க, ஆராதனை முடிந்து கையும் பைபிளுமாக அப்பா, அம்மாவோடு நான் அந்த நெடிக்குள் நடந்து வருவேன். சொந்தக்காரர்களில் எங்களுடையது மட்டும்தான் ‘வேதக்கார ஊடு’. கல்யாணமாகிச் சில வருடம் கழித்து அப்பாவும் அம்மாவும் சபையில் சேர்ந்தவர்கள். பக்கத்து வீட்டில் அப்பாவின் அண்ணன் மனைவி, என் பெரியம்மா, அம்மனுக்குப் படைப்பதற்கு முன்பே எங்களுக்கென்று ஒரு தூக்குவாளியில் கூழை எடுத்து வைத்துவிடுவார்.

“இந்தாடி, இது சாமிக்குக் காட்டாதது. உங்க கர்த்தரு கோச்சிக்க மாட்டாரு, குடி.”

இதையெல்லாம் இப்போது நினைக்க வைத்தவள் என் மகள். அடுத்த மாதம் சபை முன்னால் தன் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுக்க வேண்டியவள், போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, “எனக்கு வேணாம்மா. உங்கம்மா நம்புனாங்க, அதனால நீ நம்புற. உனக்குன்னு ஒரு காரணம் சொல்லு பாப்போம்” என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளிடம் இதைச் சொன்னேன்.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா இறந்தார். சபைக் கல்லறையில்தான் அடக்கம் செய்தோம். ஆனாலும் காரியத்தன்று நூம்பலிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு அம்மாவின் வளையலை உடைக்க வந்துவிட்டார். அம்மா அறை மூலையில் ஒடுங்கி, கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். பெரியம்மா வாசலை மறித்து நின்றார்.

“அது வேதக்கோயிலுக்குப் போவுது. அதுக்கு நம்ம சடங்கு கெடையாது, போ.”

“புருசனே பூட்டான், கண்ணாடி வளையலு இன்னாத்துக்கு? ஊரு சிரிக்கும்டி!” என்றார் அத்தை.

“பல்லு கீறவன்லாம் சிரிக்கட்டும். நீ உள்ள வராத.”

அத்தை மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அம்மா அதே பச்சை வளையல்களோடு ஆராதனைக்கு வந்தாள். சபையிலும் முகம் சுளித்தவர்கள் உண்டு. பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவள் கையில் வளையல் ஒலிக்க, அதுவரை சொல்லிக்கொடுத்த ஜெபங்களையே ஒப்பித்துக்கொண்டிருந்த நான் அன்றுதான் என் சொந்த வார்த்தையில் ஜெபித்தேன். நன்றி என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. என் காரணம் அதுதான்.

மகள் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். “அப்போ நீ உங்க பெரியம்மாவ இல்ல கும்பிடணும்?”

அவரை அந்த வாசலில் நிறுத்தியது யார் என்று கேட்க வாயெடுத்தேன். பிரசங்கம் போலத் தோன்றவே விழுங்கிவிட்டேன். பிறகு அவளே, சிரிப்பில்லாமல், “உங்க பெரியப்பா செத்தப்போ பெரியம்மாவுக்கு யாரும்மா நின்னாங்க?” என்றாள். யாரும் நிற்கவில்லை.

இப்போது பெரியம்மாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எங்கள் இரண்டு வீடுகளும் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. அங்கே யாரைக் கேட்டாலும் எங்களைத் தெரியாது.

இந்த ஞாயிறு நான் மட்டும் ஆராதனைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, “பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?” என்றார். “நல்லாத்தான் இருக்கா. வரமாட்டேன்னுட்டா” என்றேன். பிறகு அவளுக்காக முழங்காலிட்டேன். என்னிடம் உள்ளதை அவளுக்கும் கொடும் என்று கேட்பதா, அவளுக்கென்று உள்ளதைக் கொடும் என்று கேட்பதா எனத் தெரியாமல், அவள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.