பெட்டியில் வந்த கட்டை

பள்ளி விழா முடிந்ததும் மகளின் சைலோஃபோனிலிருந்து ஒரு மரக்கட்டையைக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கம் நடுவில் குடைந்திருந்தது. ஆக்லாந்து மறைந்து, நான் பிறந்த தீவில், சபேட்டோ கிராமத்தில் அப்பாவின் பட்டறை மரத்தூள் மணத்தது.

அப்பா தச்சர். எங்கள் சர்ச்சுக்காக, பக்கத்துக் கிராமத்து செமி என்ற பூர்வகுடி நண்பரோடு சேர்ந்து ஒரு சைலோஃபோன் செய்துகொண்டிருந்தார். கட்டையின் அடியில் நடுவே செதுக்கினால் சுருதி இறங்கும். முனைகளில் செதுக்கினால் ஏறும். அப்பா உளி பிடிப்பார். செமி சர்ச் ஆர்மோனியத்தில் அதே சுரத்தை அழுத்திக் காதைச் சாய்ப்பார். சேர்ந்துவிட்டால், சரி என்பதற்கு எங்கள் ஊர் இந்தியில் "டீக் ஹை" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார்.

ஒரே ஒரு கட்டை பாக்கி இருந்தபோது, எங்களைப் போன்ற இந்திய வம்சத்தார் நிறைந்த அரசைக் கவிழ்த்து, செமியின் மக்கள் நிறைந்த ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் செமி வரவில்லை. பயமா, கோபமா, வெட்கமா? எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. அப்பாவும் போய்க் கேட்கவில்லை.

நாட்டை விட்டுப் புறப்படும் நாளில் அப்பா வாத்தியத்தைச் சர்ச்சில் இறக்கிவிட்டு, அந்தக் கட்டையை மட்டும் பெட்டிக்குள் வைத்தார்.

"அத்த எதுக்குங்க எடுத்துக்கினு வர்றீங்க? அது இல்லாம அவங்க எப்டி வாசிப்பாங்க?" என்றாள் அம்மா.

"இன்னும் சுருதி சேரலியே. அங்க போயி சேத்து அனுப்பிடறேன்."

எதோடு சேர்ப்பது? ஆர்மோனியமும் செமியின் காதும் சபேட்டோவில் இருந்தன. ஆக்லாந்தில் ஞாயிறுதோறும் அப்பா நடுவில் செதுக்குவார், தட்டுவார், முனையில் செதுக்குவார். "இப்ப சரியாம்மா?" என்று என்னைக் கேட்பார். ஒருநாள் சரி என்பேன், ஒருநாள் இல்லை என்பேன். கட்டை அடிக்கோல் போல மெலிந்துபோயிற்று. அப்பா இறந்தபின் அது என் அலமாரியில் கிடக்கிறது.

மகளின் கட்டையை அதன் இடத்தில் மாட்டினேன். செமி அன்றைக்கே வேறு கட்டை செதுக்கிப் போட்டிருப்பாரா, இல்லை அந்த ஓர் இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் இன்னமும் வாசிக்கிறார்களா?