பொன்னிறத்தில் ஒரு பிள்ளை

வெள்ளவத்தையில் பிள்ளை பிறந்த வீடுகளில் தன்னைத் தவிர எல்லாருமே வைத்தியர்கள் என்பதை றேணுகா எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவள் வெறும் மருத்துவமாது, வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிறவள். பத்தொன்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வருகிறாள். ஆறாம் மாடியில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, தராசை எடுப்பதற்குள் அந்த வீட்டு மருத்துவ சபை கூடித் தீர்ப்பும் சொல்லி முடித்திருக்கும். பிள்ளைக்கு மூக்குக் கொஞ்சம் சப்பை, தாய்க்குப் பால் போதாது. தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்.

அன்று போன வீட்டில் ராகுலனுக்கும் சுபோதினிக்கும் ஐந்து நாள் பெண் குழந்தை. தலைமை வைத்தியர், ராகுலனின் அக்கா கௌரி. தம்பி மனைவியின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவிலிருந்து லீவு போட்டு வந்தவர். அங்கே வரி அலுவலகத்தில் வேலை. தகுதிக்கு என்ன குறை?

"வாங்கோ மிஸ். பிள்ளையின்ர நிறத்தைப் பாருங்கோ, தங்கம்! எங்கட அப்பா பக்கம். நேற்று வீடியோவில பாத்திட்டுக் கனடா, லண்டன் எல்லாம் ஒரே புளுகம், சந்தோசம் தாங்கேல்லை."

சுபோதினி நல்ல கறுப்பு. ராகுலன் அவளையும் மிஞ்சியவன். இவர்களுக்குப் பொன்னிறத்தில் எப்படிப் பிள்ளை வந்தது என்று கனடாவிலும் ஒருவர் கேட்கவில்லை, லண்டனிலும் ஒருவர் கேட்கவில்லை. நல்ல சேதியை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

"குழப்படியே இல்லை மிஸ். ஆறு மணித்தியாலம் ஒரே நித்திரை. நாங்களும் எழுப்புறேல்லை."

"பால் குடிக்குதோ?"

"ஆஸ்பத்திரியில நர்ஸ்மார் கரைச்சல் பண்ணிக் குடுப்பிச்சவை. தடிப்பா, மஞ்சளா இருந்தது, அது பிள்ளைக்குச் செமிக்குமே? வீட்ட வந்தாப் பிறகு நான் விடேல்லை. கரண்டியால சீனித்தண்ணி குடுக்கிறம்."

சுபோதினி கட்டிலில் தலை குனிந்தபடி இருந்தாள். றேணுகா குழந்தையை ஜன்னலடிக்குக் கொண்டுபோனாள். மூக்கு நுனியை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு நெஞ்சு. காலுறையைக் கழற்றி உள்ளங்காலையும் அழுத்தினாள். அங்கும் மஞ்சள். பாதத்தில் சுண்டினாள், பிள்ளை கண் திறக்கவில்லை.

வாயில் தயாராக இருந்த கிண்டலெல்லாம் அவளுக்கு வற்றிப்போயிற்று. வேலைக்குச் சேர்ந்த வருடம் இப்படித்தான் ஒரு குழந்தை. வெயிலில் பிடித்தால் மஞ்சள் போய்விடும் என்று வீட்டுக்காரர் சொன்னார்கள். எதிர்த்துக் கதைக்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை இன்று வளர்ந்த ஆள், இரண்டு காதும் கேட்காது. அவனைத் தெருவில் கண்டால் இப்போதும் மற்றப் பக்கத்துக்கு மாறி நடப்பாள். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

"அக்கா, இது நிறமில்லை, செங்கமாரி, மஞ்சள் காமாலை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

"எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதானே மிஸ்? காலமை பல்கனியில வெயில் பிடிக்கிறம்."

அடுத்த கட்டிடத்து மதில் அனுமதிக்கிற நேரம் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கிற பல்கனி அது.

"எல்லாருக்கும் வாறது உள்ளங்கால் வரைக்கும் இறங்காது. பால் உள்ள போனாத்தான் இந்த மஞ்சள் வெளிய போகும், நீங்கள் அதை மறிச்சுப்போட்டீங்கள். மூளையைத் தாக்கினா காது போகும், கை கால் போகும். பிறகு தங்கத்தை வச்சு என்ன செய்யிறது?"

"சரி, போவம். ஆனா இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் பன்ரெண்டுக்குத்தான் முடியும்."

மணி பத்து நாற்பது. வங்கியில் நாற்பது பேரை மேய்க்கிற ராகுலன், உத்தரவு கேட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"ராகு காலத்தில தூக்கிற ஆள் நான்தானே? தோஷம் எனக்கு வரட்டும். த்ரீவீலைக் கூப்பிடுங்கோ தம்பி," என்று குழந்தையைத் துவாயில் சுற்றினாள் றேணுகா. அவள் திரும்புவதற்குள் சுபோதினி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

பின்னேரம் வந்திருந்தால் இரத்தம் மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர். மூன்று நாள் நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழுப்பிப் பால் கொடுக்க வைத்தார்கள். சுபோதினியிடம் பால் தாராளமாகவே ஊறியது. காதுச் சோதனையும் பிழையில்லை. அதைக் கேட்டு றேணுகா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள்.

அடுத்த கிழமை அவள் போனபோது வீட்டில் ஒரே அமளி. குழந்தை தாய் தகப்பனின் நிறத்தில், வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. மடியில் வைத்திருந்த கௌரி நொந்துபோய்ச் சொன்னார்:

"பாருங்கோ மிஸ், ஆஸ்பத்திரியில வச்சு எங்கட பிள்ளையைக் கறுப்பாக்கிப்போட்டினம். இனி வீடியோவில எப்பிடிக் காட்டுறது?"

றேணுகாவிடம் இதற்கு நாலு பதில் இருந்தது. ஒன்றும் தேவைப்படவில்லை. இந்த வீட்டில் வாயே திறக்காத சுபோதினி எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அது என்ர நிறம் மச்சாள். பிள்ளைக்குப் பசிக்குது, இஞ்ச தாங்கோ."

கௌரி குழந்தையைக் கொடுத்தார்.