கைக்குட்டையில் ஒட்டிய கறுப்பு

மன்னாரில் பிறந்து, ஓக்லாந்துப் புறநகரான பாபடோயிட்டோயில் குடியிருந்த டோறினுக்கு இந்த நாட்டில் மனம்விட்டுக் கதைக்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். பென்ரோஸ் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று பிஸ்கட் பொதி செய்யும் பிலிப்பினோக்காரி ரெமெடியோஸ்.

அவளிடம் முழங்கை உயரத்தில் ஒரு பாலன் இயேசு மரச் சுரூபம் இருந்தது. அதற்கு உடை மாற்றிப் பராமரிப்பது அவள் குடும்பத்தின் பரம்பரை உரிமை. ஓக்லாந்தின் பிலிப்பினோக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடாக அதை வைத்துச் செபமாலை சொல்வார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜனவரியில், பாலனின் திருநாளுக்கு முந்தின வாரம், அந்தப் பாக்கியம் டோறினுக்குக் கிடைத்தது.

பூரித்துப்போனாள் பேதை! கணவன் றொபேட்டின் தமக்கை யோகராணியையும் செபத்துக்கு அழைத்தாள். வந்தவள் சுரூபத்தின் கன்னங்கரிய முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி டோறின், உன்ர பாலனும் உன்னைப் போல நல்ல நிறம்தான்!"

றொபேட்டும் சேர்ந்து சிரித்தான். பெண் பார்க்க வந்த நாள் தொட்டு டோறின் விழுங்கிவந்த சிரிப்பு அது. எல்லோரும் போனபின் பிளீச்சும் பழந்துணியும் எடுத்தாள். தேய்த்தாள். அழுதழுது தேய்த்தாள். கறுப்பு கரைந்து, வெளிறிய மரம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

மறுநாள் ரெமெடியோஸ் தொலைபேசியில் வந்தாள்.

"சொல்ல மறந்துவிட்டேன், டோறின். முகத்தில் தண்ணீர் படவிடாதே. எங்கள் ஊர்க் கோவில் எரிந்தபோது சாம்பலுக்குள் தப்பியது அவர் ஒருவர்தான். அந்தக் கறுப்பு அந்த நெருப்பின் கறுப்பு."

"சரி" என்றுவிட்டு டோறின் தொலைபேசியை வைத்தாள். றொபேட்டின் சப்பாத்துப் பொலிஷை எடுத்து, அந்தப் பிஞ்சு முகத்தில் பூசினாள்.

திருநாளன்று ரெமெடியோஸின் வீடு நிறைந்திருந்தது. பாலனின் முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றி, அதைத் தங்கள் நோயிலும் கண்ணீரிலும் ஒற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஐயோ, அது டோறினுக்குத் தெரியாதே! முதல் கைக்குட்டை கறுத்து வந்தது.

"புதுமை! அற்புதம்!" என்று யாரோ கத்தினார்கள். "நெருப்பின் கரி இறங்குகிறது!"

கூட்டம் முழந்தாளில் விழுந்தது. ஒரு கிழவர் தன் கைக்குட்டையைக் கறுப்பில் தோய்த்து, சக்கரநாற்காலியில் பேச்சற்றிருந்த மனைவியின் நெற்றியில் தேய்த்தார். "பார், உனக்குச் சுகம் வரப்போகிறது" என்று தேம்பினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் டோறின் தப்பியிருப்பாள். அந்த நெற்றியை அவளால் பார்க்க முடியவில்லை.

"துடையுங்கோ! அது புதுமையில்லை. சப்பாத்துப் பொலிஷ். முகத்தைக் கழுவிப்போட்டு நான்தான் பூசினனான்!" தமிழில் கத்திவிட்டு, பிறகு உடைந்த ஆங்கிலத்தில் அதையே சொன்னாள்.

கிழவர் தன் சட்டைக் கையால் மனைவியின் நெற்றியைத் துடைத்தார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம்.

"ஏன் கழுவினாய்?" என்றாள் ரெமெடியோஸ்.

"கறுப்பாய் இருந்தார். வெட்கமாய் இருந்தது."

அந்த அறையில் வெள்ளைத்தோல் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கண்களும் டோறினின் கரிய முகத்தில் நின்றன. நிலம் பிளக்காதா என்றிருந்தது அவளுக்கு.

ரெமெடியோஸ் சுரூபத்தை அவள்முன் நீட்டினாள். குரலில் பழைய சிநேகம் இல்லை, வெறுப்பும் இல்லை.

"நீ இன்னும் முத்தி செய்யவில்லை."

டோறின் குனிந்து பாலனின் கன்னத்தில் உதடு பதித்தாள். பொலிஷ் நாக்கில் கசந்தது.

வெளியே காருக்குள் காத்திருந்த றொபேட் அவளைக் கண்டு சிரித்தான்.

"என்னப்பா இது, வாயெல்லாம் கறுப்பு? துடையும்."

"இருக்கட்டும்" என்றாள் டோறின்.

வீடு வந்து சேரும்வரை அவள் துடைக்கவேயில்லை.