பட்டியலில் இல்லாத மைதிலியும் தாவும் மரபணுக்களும்

இரண்டு வாரங்களுக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பொலிஸ் வந்தது. தமிழ் வீடுகளில் இருப்பவர்கள் பொலிசில் பதிய வேண்டும்; அந்தப் பதிவுப் பட்டியலைக் கேட்டார்கள். பெருமையோடு நீட்டினேன். பிளாஸ்ரிக் உறை போட்டு, மூன்று போட்டோ கொப்பியோடு வைத்திருப்பவன் நான்!

கான்ஸ்டபிள் தாளைப் பார்த்தார். மேசையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். தாளில் நானும் மனைவியும். மேசையில் மூன்று பேர்.

"மே கவுத?" - இது யார் என்று மைதிலியைக் காட்டிக் கேட்டார்.

மைதிலி எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண். ஊர் கரவெட்டி. உயிரியல் பட்டதாரி. வந்து எட்டு நாள். ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? யாழ்ப்பாண விலாசத்தோடு அடையாள அட்டை வைத்திருக்கும் இளம் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தால் பொலிஸ் அடிக்கடி வரும். எழுதாவிட்டால் வராது. எங்கள் ஒழுங்கை முழுவதும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது... யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"இண்டைக்குத்தான் வந்தனான்" என்றாள் மைதிலி.

கான்ஸ்டபிள் மாடிக்குப் போய்ப் பார்த்தார். இன்றைக்கு வந்தவளின் அறையில் புத்தகங்கள் சுவரோடு அடுக்கியிருந்தன. சாமிப்படத்துக்குப் போட்ட மாலை காய்ந்து சருகாகியிருந்தது. என்னையும் மைதிலியையும் நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

பிரச்சினை அதுவல்ல. பத்து மணிக்கு அவளுக்குக் களனியில் நேர்முகத் தேர்வு - ஆய்வுகூட உதவியாளர் வேலை. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த முதல் அழைப்பு. பொறுப்பதிகாரி வந்து கையெழுத்து வைத்தால்தான் எங்களை விடுவார்களாம். அவர் எப்போது வருவார்? யாருக்குத் தெரியும்!

நிலையத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மைதிலி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். தேவாரமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, தேர்வுக்கான பாடம்.

"என்ன பாடம், பிள்ளை?"

"தாவுற மரபணுத் துண்டுகள், அங்கிள். எங்கட டிஎன்ஏயில கிட்டத்தட்டப் பாதி அதுகளிட்ட இருந்து வந்ததுதான். ஒரு இடத்தில இருந்து வேற இடத்தில போய்ச் செருகும். நல்ல மரபணுவுக்கு நடுவில செருகினா நோய் வருத்தம்கூட வரலாம்."

"அப்ப ஆர் தடுக்கிறது?"

"அதுக்கெண்டு புரதங்கள் இருக்கு. டிஎன்ஏயின்ர எழுத்தைப் பாத்து அந்தத் துண்டை அடையாளம் பிடிச்சு, அதில ஒட்டிக்கொள்ளும். மற்றப் புரதங்களையும் கூப்பிட்டு அந்த இடத்தையே மூடிப்போடும். காலப்போக்கில துண்டின்ர எழுத்து மாறித் தப்பும். பிறகு அதைப் பிடிக்கிற புதுப் புரதம் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கும் இடம் நினைவு வந்து அடக்கிக்கொண்டேன். "உடம்புக்குள்ளயும் பொலிஸ் பதிவுதான் எண்டு சொல்லும்!"

அவள் சிரிக்கவில்லை. "முழுக்க அப்பிடி இல்லை, அங்கிள். கன காலம் போக, அடக்கி வைச்ச துண்டுகளில சிலதை உடம்பு தன்ர வேலைக்கே எடுத்துக்கொள்ளும். வேற மரபணுவைப் போடவும் நிப்பாட்டவும், சுவிச் மாதிரி. அடக்கின புரதங்களுக்கும் புது வேலை வரும். உயிரினங்கள் இவ்வளவு வித்தியாசமா வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்."

"அப்ப எங்களையும் ஒருநாளைக்கு..."

"அதுக்குக் கோடிக்கணக்கான வருசம் வேணும், அங்கிள். எனக்குப் பத்து மணிக்கு இன்ரவியூ."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

பொறுப்பதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். அவள் வந்து எட்டு நாள் என்று ஒப்புக்கொண்டேன். ஏன் பதியவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். பக்கத்துச் சிங்கள வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் இடியப்ப நேரத்தில் வந்து எண்ணுவதில்லையே என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நான் வீரன் இல்லை. கையெழுத்து விழுந்தது. மைதிலி ஓட்டோவில் பறந்தாள்.

வழியில் இரண்டு சோதனைச் சாவடி. போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி. ஆய்வுகூடத் தலைவி, ஒரு சிங்கள அம்மையார், கைப்பையோடு வெளியே வந்துகொண்டிருந்தாராம். பொலிஸ் நிலையத்தில் இருத்தி வைத்துவிட்டார்கள் என்று உண்மையையே சொல்லியிருக்கிறாள். அம்மையார் திரும்பிப் போய் உட்கார்ந்து, அரைமணி நேரம் கேள்வி கேட்டாராம். வேலை கிடைத்துவிட்டது!

எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். மைதிலி சாப்பிட்டாள். பிறகு, அறையைக் காலி செய்யப் போவதாக மெல்லச் சொன்னாள். களனியில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் வீட்டில் அறை கிடைத்திருக்கிறதாம்.

"அங்க தனிய இருக்கப் பயமில்லையோ, பிள்ளை?" என்று அக்கறையாகக் கேட்டேன்.

நேற்று தொலைபேசியில் பதில் வந்தது. போய் இறங்கிய அன்றே ஆசிரியை அவளைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாராம். 'இவள் என் வீட்டில் இருப்பவள்' என்று எழுதி, கீழே தன் பெயரையும் போட்டாராம்.

அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு எட்டு நாள் போதவில்லை.